மென்பொருளிலும் உண்டு சொந்தக் கடை, வாடகைக் கடை

கடைத்தெருவில் புதிதாக இடம் பிடிக்கும் வணிகர் முதலில் கேட்கும் கேள்வி, இடம் வாடகைக்கா, கிரயத்துக்கா என்பதுதான். வாடகை என்றால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யச் சொன்னால் எத்தனை மாதம் அவகாசம் என்று எல்லாவற்றையும் விசாரித்து, எழுத்தில் வாங்கிய பிறகே சரக்கை இறக்குகிறோம். ஆனால் அதே கடையில் பில் போடும் கணிப்பொறியைப் பற்றியும், கடையின் பெயரில் இணையத்தில் நடத்தும் பக்கத்தைப் பற்றியும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நம்மில் மிகச் சிலரே.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025-ஆம் ஆண்டு இரண்டு முறை காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி டைப்பேட் என்ற வலைப்பதிவுச் சேவை மூடப்பட்டது. 2003-இல் தொடங்கிய சேவை அது. மூடப் போவதாக ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் அறிவித்தார்கள். இருபது ஆண்டுகளாக அங்கே எழுதிச் சேர்த்தவர்களுக்கும், எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு மாதம்தான். அடுத்த இரண்டு வாரத்தில், அக்டோபர் 14-ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. கட்டணம் கட்டியோ வேறு நிபந்தனைகளுக்கு உட்பட்டோ சிறிது காலம் நீட்டிக்கும் ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 புதிய வகைப் பாதுகாப்புச் சிப்பையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணிப்பொறிகள் பல அந்தத் தேர்வில் தேறவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பொருள் கெட்டுப்போகவில்லை. எழுதியவர் எழுத்தும் நன்றாக இருந்தது, கணிப்பொறியும் நன்றாக இருந்தது. சாவி வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். இந்தச் சாவியைத் தம் கைக்குக் கொண்டுவர முடியுமா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனை செய்துவருபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள் அல்லர். இரவு நேரத்தில் பொழுதுபோக்காகக் கணிப்பொறியைக் குடைபவர்கள். அவர்கள் சோதனையின் பலனை நாம் எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இயங்குதளம் என்ற மேஸ்திரி

கணிப்பொறியை இயக்கியதும் முதலில் எழுந்து வேலையைத் தொடங்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் அவற்றில் ஒன்று. கிட்டங்கியில் எந்த மூட்டை எங்கே இருக்கிறது, எந்த ஆள் எந்த வேலைக்கு, எந்த லாரிக்கு முதலில் சரக்கு ஏற்றுவது என்பதையெல்லாம் ஒரு மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார் அல்லவா? அதுபோல் கீபோர்டு, திரை, பிரிண்டர், ஹார்டு டிஸ்க் ஆகிய எல்லாவற்றையும் மேய்ப்பது இயங்குதளம். பில் போடும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் இந்த மேஸ்திரியிடம் சொல்லித்தான் வேலை வாங்குகின்றன. மேஸ்திரி மாறினால் சில ஆட்கள் அவரோடு ஒத்துப்போவார்கள், சிலர் போகமாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்வது எளிதில் விளங்கும்.

தவணையில் வாங்கிய கணிப்பொறி

1991-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பின்லாந்து நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் தவணைக் கடனில் ஒரு 386 கணிப்பொறி வாங்கினார். அவருக்கு அப்போது வயது 21. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டனன்பாம் என்பவர், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளம் ஒன்றை 1987-இல் வெளியிட்டிருந்தார். அதையே இம்மாணவர் தம் கணிப்பொறியில் போட்டுப் பழகினார்.

பல்கலைக்கழகத்தில் உள்ள பெரிய கணிப்பொறியோடு வீட்டிலிருந்தே தொடர்புகொள்ள ஒரு சிறிய நிரல் வேண்டும் என்று அவர் எழுதத் தொடங்கினார். எழுத எழுத அது வளர்ந்தது. கோப்பைச் சேமிக்க ஒரு பகுதி, டிஸ்கைப் படிக்க ஒரு பகுதி என்று சேர்ந்து, கடைசியில் அதுவே ஒரு இயங்குதளத்தின் கருவாகிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி மினிக்ஸ் பயன்படுத்துவோருக்கு அவர் தம் முயற்சியை அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக வளரப் போவதில்லை என்றே தெரிவித்தார். செப்டம்பரில் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்கு அவர் வைக்க நினைத்த பெயர் வேறு. சர்வரில் இடம் கொடுத்த நண்பர் ஆரி லெம்கே, அந்தக் கோப்புகளை வைத்த இடத்துக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

பெரிதாக வளராது என்று சொன்ன அந்தச் சரக்கு இன்று எங்கே நிற்கிறது? 2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ள எல்லாமே லினக்ஸில் இயங்குபவை. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே. ஆகவே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை நீட்டும் மளிகைக் கடைக்காரர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, லினக்ஸின் வாடிக்கையாளர்தான்.

இலவசம் வேறு, உரிமை வேறு

இந்த வளர்ச்சிக்குக் காரணம் மாணவரின் திறமை மட்டும் அன்று. விற்பனை நிபந்தனையில் அவர் செய்த ஒரு மாற்றமும் காரணம். வணிகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது.

முதல் பதிப்பை வெளியிட்டபோது, இதை யாரும் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்று டோர்வால்ட்ஸ் நிபந்தனை போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பிளாப்பியில் நகல் எடுத்துக் கொடுப்பவர் பிளாப்பியின் விலையைக் கூட வாங்க முடியவில்லை. போட்ட காசு திரும்பாத சரக்கை எத்தனை பேர் சுமப்பார்கள்? 1992-இல் அவர் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு, ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் லினக்ஸைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மேன் 1983-இல் அறிவித்துத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் உரிமம் அது. அதன் முதல் பதிப்பு 1989-இல் வெளிவந்திருந்தது.

அந்த உரிமத்தின் சாரத்தை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம். சாம்பார் பொடி விற்பவர் பொடியோடு அதன் சேர்மானக் குறிப்பையும் தருகிறார். வாங்கியவர் அதைத் தம் வீட்டில் அரைக்கலாம், மிளகாயைக் கூட்டலாம், மல்லியைக் குறைக்கலாம், பாக்கெட் போட்டு விற்கவும் செய்யலாம். விலை வைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் மாற்றிய பொடியை விற்கும்போது, அதை வாங்குகிறவருக்கும் மாற்றிய குறிப்பையும் இதே உரிமையையும் கொடுத்தாக வேண்டும். குறிப்பை மறைத்து வைக்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடுதான் முக்கியம்.

விற்க அனுமதி கிடைத்ததும் வியாபாரம் பெருகியது. 1993-இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய தொகுப்புகள் தோன்றின. சிடியில் பதித்து விற்றவர்கள், பழுது பார்த்துக் கொடுத்தவர்கள், பயிற்சி அளித்தவர்கள் என்று பலருக்கும் பிழைப்பு உண்டாயிற்று. இவ்வழியில் வளர்ந்த ரெட் ஹேட் என்ற நிறுவனத்தை, ஐ.பி.எம். நிறுவனம் 2019-இல் ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. குறிப்பை ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகும் வியாபாரத்துக்கு இவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், அது சேவைக்கும் நம்பிக்கைக்கும் கிடைத்த விலை.

நம் பக்கத்திலும் இந்தக் குறிப்பு பயன்பட்டிருக்கிறது. சி-டாக் என்ற மத்திய அரசு அமைப்பின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. ஹெல்சிங்கி மாணவரிடம் சென்னைக்காரர்கள் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

சரக்கு அனுப்பியவர் காணாமல் போனால்

இரண்டாவது கதை வலைப்பதிவைப் பற்றியது. வலைப்பதிவு என்பது, ஒருவர் தாம் எழுதியதைத் தேதி வாரியாக இணையத்தில் வெளியிட்டுவரும் பக்கம். புதியது மேலே, பழையது கீழே. இப்படி எழுதுவதற்கு உதவும் பி-2 என்ற மென்பொருளை பிரான்சு நாட்டின் கோர்சிகா தீவைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி என்பவர் 2001-இல் வெளியிட்டார். நாளடைவில் அவரிடமிருந்து தகவல் நின்றுபோனது. புதிய பதிப்பும் வரவில்லை.

இதை வைத்துத் தம் வலைப்பதிவை நடத்திவந்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த மேட் முல்லன்வெக். வயது 19. 2003 ஜனவரியில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். செய்தவரைக் காணோம். ஆனால் பி-2 வெளிவந்தது ஜி.பி.எல். உரிமத்தில். அப்படியானால் குறிப்பு நம் கையில் இருக்கிறது, நாமே தொடர்ந்து செய்யலாம் என்று தம் பக்கத்தில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் தாமும் துணை நிற்பதாகத் தெரிவித்தார். இருவரும் சேர்ந்து அவ்வாண்டு மே 27-ஆம் தேதி வெளியிட்டதுதான் வேர்டுபிரஸ். இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன.

அடுத்த ஆண்டே மறுபக்கமும் தெரிந்தது. அக்காலத்தில் வலைப்பதிவர்களிடம் பெயர் பெற்றிருந்த மூவபிள் டைப் என்ற மென்பொருள், 2004 மே மாதம் புதிய பதிப்புக்கு விலை நிபந்தனைகளை மாற்றியது. எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பக்கம் நடத்துகிறார்கள் என்பதற்கு ஏற்பக் கட்டணம் என்றார்கள். தம் பொருளுக்கு விலை வைக்க அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு; அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதுவரை கட்டணமின்றிப் பயன்படுத்திவந்தவர்கள் திகைத்தார்கள். பலர் வேர்டுபிரஸுக்கு மாறினார்கள். அந்த நிறுவனம் தொடங்கிய மற்றொரு சேவைதான், நாம் முதலில் குறிப்பிட்ட டைப்பேட்.

பெரிய கடை என்பதால் மூடமாட்டார்கள் என்று நினைப்பதற்கும் இல்லை. ஜியோசிட்டீஸ் என்ற இணையதளச் சேவையை யாகூ நிறுவனம் 1999-இல் 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபரில் அதை மூடிவிட்டது. கூகுள் நிறுவனம் நடத்திய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கட்டட உரிமையாளருக்குக் கட்டடம் லாபம் தராதபோது, குடியிருப்பவரின் வாடிக்கைக்காரர்களைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை.

சோதனை மேசை

பொழுதுபோக்காளர்கள் புதிய இயங்குதளத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் பயன்படும். அவர்கள் எடுத்த எடுப்பில் பழையதை அழிப்பதில்லை. லினக்ஸ் தொகுப்பை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்குகிறார்கள். ஹார்டு டிஸ்கில் உள்ள விண்டோஸும் கோப்புகளும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினால் பழைய நிலை. சாம்பிள் பார்த்துச் சரக்கு வாங்குவதைப் போன்றது இது. நிறுவும் வேலைக்குப் போகும்போதுதான் எச்சரிக்கை வேண்டும்; அங்கே தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் உள்ளதெல்லாம் அழியும்.

சாம்பிள் ஓடும்போது நாம் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிரிண்டர் வேலை செய்கிறதா? பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டைப் போலவே நடந்துகொள்ளும், ஆதலால் தொந்தரவு குறைவு. ஆனால் எலக்ட்ரானிக் தராசு, பில் பிரிண்டர், பார்கோடு லேபிள் அடிக்கும் பிரிண்டர் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தாக வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா, டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் ஏற்கப்படுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கடிதம் எழுதவும் விலைப்பட்டியல் தயாரிக்கவும் லிபர்ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருள் போதும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டாலி போன்று விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. சுற்றுவழிகள் உண்டு, ஆனால் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் சுற்றுவழியில் நடப்பது வணிகருக்கு உகந்ததன்று. கணக்கப்பிள்ளையும் ஆடிட்டரும் பழகிய மென்பொருளை அவர்களைக் கேட்காமல் மாற்றுவது வீண் மனக்கசப்பையே தரும்.

ஆகவே கல்லாவில் உள்ள கணிப்பொறியில் சோதனை வேண்டாம். ஓரத்தில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்று அநேகமாக எல்லாக் கடையிலும் இருக்கும். எடைக்குப் போடும் முன் அதில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். கொட்டேஷன் அடிக்க, மின்னஞ்சல் பார்க்க, இணையத்தில் அரசுப் படிவம் நிரப்ப, கோப்புகளின் நகலைச் சேர்த்துவைக்க அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும்.

பெயர், இடம், சரக்கு

சொந்தமாக வலைப்பதிவோ இணையதளமோ நடத்துவதில் மூன்று சங்கதிகள் உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை இருப்பதுபோல் இணையத்தில் டொமைன் பெயர். கடை இருக்கும் இடத்தைப் போல் சர்வர். கடைச் சரக்கைப் போல் நாம் எழுதிய எழுத்தும் படங்களும். மூன்றையும் ஒருவரிடமே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

பெயரை விலைக்கு வாங்குவதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது ஆண்டு வாடகைதான். சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், இணையதளம் செய்துகொடுக்கும் தம்பி பெயரைத் தம் கணக்கிலேயே பதிவு செய்துவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகச் செய்திருப்பார். நாலு ஆண்டு கழித்து அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய், கைப்பேசி எண்ணும் மாறிவிட்டால், முப்பது ஆண்டு உழைத்துச் சம்பாதித்த கடைப்பெயரின் இணைய முகவரி யாருக்கும் எட்டாமல் போகும். கடை லைசென்சை வேலையாள் பெயரில் எடுப்போமா? அப்படியே இதுவும்.

இடத்துக்கு மூன்று வழிகள். முதலாவது, வீட்டிலோ கடையிலோ சொந்த சர்வர். பழைய கணிப்பொறியே போதும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறியும் போதும். மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். பொழுதுபோக்காளர்கள் விரும்பிச் செய்வது இதைத்தான். ஆனால் மின்வெட்டு வந்தால் கடை இருட்டு. மேலும் இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் பல, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. ஒரு பெரிய வளாகம் முழுவதற்கும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் நம் அறையை எப்படிக் கண்டுபிடிப்பார்? நிலையான தனி முகவரிக்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள்.

இரண்டாவது வழி, சர்வர் நிறுவனத்திடம் மாதம் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் வாடகை இடம். இடம் வாடகை என்றாலும் உள்ளே இருக்கும் லினக்ஸும் வேர்டுபிரஸும் நம்முடையவை. பிடிக்காவிட்டால் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேறு சர்வருக்குக் குடிபோகலாம். பெயர்ப்பலகை நம்முடையது என்பதால் வாடிக்கைக்காரர் அதே முகவரிக்கு வந்து சேர்வார். மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஒரு நிறுவனமே கொடுக்கும் சேவை அல்லது சமூக வலைத்தளப் பக்கம். தொல்லை குறைவு, சாவி அவர்களிடம்.

மென்பொருளிலும் இரண்டு வகை உண்டு. வேர்டுபிரஸ், ஆர்டர் வந்த பிறகு தோசை வார்க்கும் ஓட்டலைப் போன்றது. ஒருவர் பக்கத்தைத் திறந்ததும், தரவுத்தளத்திலிருந்து மாவை எடுத்து, சூடாக ஒரு பக்கத்தைச் செய்து பரிமாறும். மற்றொரு வகை, ஜெகில், ஹியூகோ போன்றவை. இவை முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கிவைத்த மளிகைச் சரக்கைப் போன்றவை. கேட்டதும் எடுத்து நீட்ட வேண்டியதுதான். அடுப்பு இல்லாததால் தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு, கூட்டத்தையும் தாங்கும். மாதம் ஒரு முறை விலைப்பட்டியல் மாற்றும் மொத்தக் கடைக்கு இந்தப் பொட்டல முறையே பெரும்பாலும் போதுமானது.

சொந்தம் என்றால் பொறுப்பும் சொந்தம்

சொந்தக் கட்டடத்தில் கூரை ஒழுகினால் நாமேதான் ஆள் பிடிக்க வேண்டும். இணையத்தில் சர்வர் ஒன்று ஏறிய சிறிது நேரத்திலேயே, பாஸ்வேர்டை ஊகித்துத் திறக்க முயலும் தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். நம் கடையில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது; பூட்டு இல்லாத கதவைத் தேடித் தெருத்தெருவாகப் போகும் திருடர்களைப் போன்றவை அவை. வேர்டுபிரஸையும் அதில் கூடுதலாகச் சேர்க்கும் பிளகின்களையும் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் பூட்டு துருப்பிடித்ததாகக் கொள்ள வேண்டும்.

கட்டற்ற மென்பொருளிலும் திடீர் அறிவிப்புகள் வருவதுண்டு. சர்வர்களில் பெரிதும் புழங்கிய சென்ட் ஓ.எஸ். 8 என்ற லினக்ஸ் தொகுப்பு, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். பல ஆண்டுகள் நீடிக்கும் என்று நம்பியவர்களுக்கு ஓராண்டுதான் மிஞ்சியது. ஆனால் குறிப்பு எல்லோர் கையிலும் இருந்ததால், 2021-இலேயே ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று இரண்டு மாற்றுத் தொகுப்புகள் எழுந்தன. பி-2 கதையே மறுபடி நடந்தது.

வேர்டுபிரஸ் உலகிலும் 2024 செப்டம்பரில் ஒரு பூசல் வெடித்தது. முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. இன்ஜின் என்ற சர்வர் நிறுவனத்துக்கும் வணிகப்பெயர் குறித்து எழுந்த தகராறில், புதுப்பிப்புகளை வழங்கும் மையக் கிட்டங்கியிலிருந்து அந்த நிறுவனத்தின் சர்வர்கள் துண்டிக்கப்பட்டன. வழக்கு நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் தடையை நீக்கும்படி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. நடுவில் தவித்தவர்கள் அந்த நிறுவனத்தில் இணையதளம் வைத்திருந்த சாதாரண வாடிக்கையாளர்கள். சேர்மானக் குறிப்பு எல்லோருக்கும் பொது என்றாலும், கிட்டங்கியின் வாசலில் ஒருவர் நின்றால் அவரிடமும் ஒரு சாவி இருக்கிறது என்பதே இதில் நமக்குப் பாடம்.

நம் கடைக்கு என்ன செய்யலாம்?

எல்லா வணிகரும் சர்வர் வைத்து நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடையைப் பார்ப்பதா, கணிப்பொறியைக் குடைவதா என்றால் கடைதான் முதல். வாடகைக் கடையில் நல்ல வியாபாரம் செய்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் ஒப்பந்தத்தைப் படித்திருப்பார்கள், சரக்கைத் தம் கையில் வைத்திருப்பார்கள். அந்தப் புத்தியை இங்கேயும் பயன்படுத்தினால் போதும். சில்லறைக் கடையானாலும் மொத்தக் கடையானாலும் கீழ்க்கண்ட ஆறையும் இந்த மாதமே பார்த்துவிடலாம்.

1. டொமைன் பெயர் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் பெயருக்கு மாற்றுங்கள். புதுப்பிக்கும் தேதியை லைசென்ஸ் தேதிகளோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.

2. சர்வர், இணையதளம், மின்னஞ்சல் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு பூட்டிவையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

3. கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், இணையதளம் மூன்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவற்றில் இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்று கடைக்கு வெளியே. கடையில் தண்ணீர் புகுந்தால் அல்லது தீப்பிடித்தால் அந்த மூன்றாவது பிரதிதான் காப்பாற்றும்.

4. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பழைய கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு.

5. புதிய மென்பொருளோ சேவையோ வாங்கும்போது, எங்கள் தரவை வேறொரு மென்பொருள் படிக்கும் வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா, நீங்கள் மூடினால் எத்தனை நாள் அவகாசம் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

6. விண்டோஸ் 10 ஓடும் கணிப்பொறி இருந்தால் அதற்குத் திருத்தங்கள் வருகின்றனவா என்று தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வங்கி வேலையையும் ஜி.எஸ்.டி. வேலையையும் அதில் செய்யாதீர்கள். மாற்றுவதா, லினக்ஸ் போடுவதா என்பதை அதற்குப் பின் தீர்மானிக்கலாம்.

வீட்டில் கணிப்பொறியைக் குடையும் பிள்ளை இருந்தால், விடிய விடிய என்ன செய்கிறாய் என்று கடிந்துகொள்ளுமுன் அந்தப் பழைய கணிப்பொறியை அவனிடமோ அவளிடமோ கொடுத்து, மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது வேலைகளை ஒப்படையுங்கள். பிள்ளைக்குச் சோதனை செய்ய ஒரு மேசை கிடைக்கும். கடைக்குப் பேரேட்டின் இன்னொரு பிரதி கிடைக்கும்.